காசு வாங்காத கட்டடக்கலைஞரிடம் கெடு கேட்கலாமா?

வாசகர் கேள்வி, ஜூன் 3

எங்களுடையது சிறிய நாடகக் குழு. பழைய கிடங்கு ஒன்று நீண்ட கால வாடகைக்குக் கிடைத்திருக்கிறது. எங்கள் நடிகர் ஒருவரின் நண்பர் கட்டடக்கலைஞர். காசு வாங்காமல் அதை அரங்கமாக வடிவமைத்துத் தருகிறேன் என்கிறார். ஒரு வண்ணப் படமும் அனுப்பிவிட்டார், பிரமாதமாக இருக்கிறது. இலவசமாகச் செய்பவரிடம் ஒப்பந்தம், கெடு என்று பேசுவது மரியாதையா? தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பது என் கட்சி.

ஜூன் 4

உங்கள் கட்சியில் நான் இல்லை. மாடு என்றால் பால் கறக்காமல் போகும், அவ்வளவுதான். கட்டடத்துக்கு அப்படி விட்டுவிட முடியாது, அதன் கீழே ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

நானும் கட்டடக்கலைஞன். நாடகக் குழுவுக்கும் நடனக் குழுவுக்கும் காசு வாங்காமல் வேலை செய்திருக்கிறேன். இந்த வேலைகள் சண்டையில் முடிவதைவிட, பேச்சே இல்லாமல் ஓய்ந்துபோவதுதான் அதிகம். காசு கொடுத்தவர் "என் வரைபடம் எங்கே?" என்று கேட்பார். கொடுக்காதவர் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு காத்திருப்பார். அந்தப் பக்கம் கட்டணம் தரும் வேலை ஒன்று வந்ததும் உங்கள் கோப்பு அடியில் போய்விடும். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, வயிற்றுப்பாடு. அப்புறம் அவருக்கும் முகம் கொடுக்கக் கூச்சம். கடைசியில் இரண்டு தரப்பும் எதிரெதிரே வந்தால் தெருவைக் கடந்து மறுபக்கம் போகும் நிலை.

ஒரே ஒரு பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். அவர் எதுவரை செய்வார்: கருத்துப் படம் மட்டுமா, கட்டுவதற்கான வரைபடம் வரையா, வேலை நடக்கும்போது வந்து பார்ப்பாரா? எப்போது தருவார், எத்தனை முறை மாற்றித் தருவார், அச்செடுப்பதற்கும் போக்குவரத்துக்கும் செலவு யாருடையது, குழுவின் சார்பில் அவரிடம் பேசப்போகும் ஒரே ஆள் யார்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் மற்றவற்றை எழுதிப் பயனில்லை.

ஜூன் 4, இரவு

ஒன்று கேட்க விட்டுப்போனது. அந்தப் பிரமாதமான படத்தை அவர் உங்கள் ஒத்திகை ஒன்றையாவது பார்த்த பிறகு வரைந்தாரா, முன்பா?

ஜூன் 6

முன்பே வரைந்தாராம். நினைத்தேன்.

நான் உதவிய நாடகக் குழுவுக்கு ஏற்கெனவே ஒரு கூடம் இருந்தது, அதைச் சீர்செய்ய வேண்டும். இயக்குநர் என்னிடம் பேசியதெல்லாம் முகப்பைப் பற்றி, வரவேற்புக் கூடத்தைப் பற்றி, பெயர்ப்பலகையின் எழுத்தைப் பற்றி. ஒத்திகைக்கு வரலாமா என்று கேட்டேன். வாருங்கள், ஆனால் பார்க்க ஒன்றும் இருக்காது என்றார்.

பார்க்க இருந்தது. ஒரு காட்சியில் நடிகை இடப்பக்கம் வெளியேறி, அடுத்த வசனத்துக்குள் வலப்பக்கமிருந்து நுழைய வேண்டும். மேடையின் பின்சுவர் திரையோடு ஒட்டியிருந்தது, பின்னால் நடக்க வழியே இல்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? பக்கக் கதவைத் திறந்து வெளியே ஓடி, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு மறுபக்கக் கதவு வழியாக வந்தார். அன்று மழை. கதவருகே ஒரு பையன் குடையோடு நின்றான். மறுகதவில் இன்னொருவர் துண்டோடு நின்றார். நடிகை தலையைத் துவட்டிக்கொண்டே வசனத்தைத் தொடங்கினார், ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை. பல காலமாக அப்படித்தான் செய்துவந்திருக்கிறார்கள். அதைக் குறையென்று சொல்ல வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை.

திரைக்குப் பின்னால் ஓர் ஆள் பக்கவாட்டில் திரும்பாமல் நடக்கும் அளவுக்கு, ஒரு மீட்டர் இடம். அந்தக் குழுவுக்கு வேண்டியிருந்தது அதுதான். முகப்பு அப்படியே பழைய முகப்பாகவே இருக்கிறது.

இன்னொன்று: குழுவில் உடைகளைப் பார்த்துக்கொள்பவரிடம் தனியாகப் பேசச் சொல்லுங்கள். என்னிடம் அந்த அம்மா கேட்டவை மூன்று: இஸ்திரிப் பெட்டிக்கு ஒரு பிளக், சாயம் கழுவ ஆழமான தொட்டி, உட்கார்ந்தபடி முகம் தெரிகிற கண்ணாடி. எல்லாக் கூட்டங்களிலும் கேட்டதில் உருப்படியான தேவைப் பட்டியல் அதுதான்.

ஜூன் 9

"இலவசமாகச் செய்தால் சட்டப்படி அவருக்குப் பொறுப்பு உண்டா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நாட்டுக்கு நாடு மாறும், வழக்கறிஞரைக் கேளுங்கள். ஆனால் எங்கள் தொழிலில் பலரைத் தூக்கிவாரிப்போட்ட ஒரு தீர்ப்பு உண்டு. இங்கிலாந்தில் ஒரு கட்டடக்கலைஞர் நண்பர்களின் தோட்ட வேலைக்குக் காசு வாங்காமல் உதவினார். வேலை சரியில்லை என்று நட்பு முறிந்து நீதிமன்றம் போனது. ஒப்பந்தம் என்று எதுவும் இல்லை. ஆனாலும், தொழில் தெரிந்தவர் என்ற முறையில் அவர் செய்த வேலையைக் கவனத்தோடு செய்யும் கடமை அவருக்கு உண்டு என்று 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. செய்யாமல் விட்டதற்கு அவர் பொறுப்பாளி அல்ல, எடுத்துச் செய்ததற்குத்தான் அந்தக் கடமை. 2018-இல் முழு விசாரணை முடிந்தபோது அவர் அந்தக் கடமையில் தவறவில்லை என்று வழக்கு தள்ளுபடியானது.

வென்றார். வெல்வதற்குள் எத்தனை ஆண்டுகள் தூக்கம் போயிருக்கும்! அந்த ஒரு பக்கக் காகிதம் உங்களுக்கு மட்டும் அல்ல, அவருக்கும் பாதுகாப்பு. மனம் கோணுவார் என்று பயப்படுகிறீர்கள். விவரம் தெரிந்தவராக இருந்தால் அவரே முதலில் கேட்பார். கேட்கவில்லை என்பதுதான் எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது.

ஜூன் 10

முட்டை அட்டை பற்றிக் கேட்டவருக்கு: வேண்டாம். சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகாது என்பது உலகம் முழுக்க வாழும் நம்பிக்கை. சத்தத்தைத் தடுப்பது எடை. அந்த அட்டைக்கு எடை எங்கே இருக்கிறது? நன்றாகத் தீப்பிடிக்கும், அது மட்டும் உறுதி.

ஜூன் 13

கேள்வி கேட்டவர் கிடங்கின் அளவுகளை அனுப்பியிருக்கிறார். 20 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம். சிமெண்டுத் தரை, பூசிய சுவர். உள்ளே கைதட்டினால் "கோயில் மணி மாதிரி" நீள்கிறதாம். வண்ணப் படத்தில் அது தெரியாது.

இதற்குக் கணக்கு இருக்கிறது, கணக்குக்குக் கதையும் இருக்கிறது. 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் அருங்காட்சியகத்தில் புது விரிவுரைக் கூடம். பேராசிரியர் பேசினால் ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த பல சொற்கள் வந்து மோதும், யாருக்கும் எதுவும் புரியாது. வாலஸ் சாபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் இரவில், ஊர் அடங்கிய பிறகு, பக்கத்துக் கூடத்தின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து பரப்பி, ஆர்கன் வாத்தியத்தின் குழாய் ஒன்றை ஒலிக்கவிட்டு, ஒலி அடங்க எத்தனை வினாடி ஆகிறது என்று அளந்தார். மெத்தை கூடக் கூட வினாடி குறைந்தது. அதிலிருந்து பிறந்ததுதான், ஒலி அடங்க ஆகும் அந்த நேரத்துக்கான, அதாவது எதிர்முழக்க நேரத்துக்கான வாய்பாடு: கூடத்தின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, மொத்த ஒலி உறிஞ்சும் பரப்பால் வகுக்க வேண்டும்.

உங்கள் கிடங்குக்குப் போட்டுப் பார்த்தேன். கன அளவு 1,440 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து 864 சதுர மீட்டர். இவ்வளவு கடினமான பரப்பு சராசரியாக நூற்றுக்கு ஐந்து பங்கு உறிஞ்சும் என்று வைத்தால் உறிஞ்சும் பரப்பு 43 சதுர மீட்டர். விடை 5 வினாடிக்கு மேல். சாபினின் கூடமும் காலியாக இருக்கும்போது ஏறக்குறைய இதே நிலைதான்.

150 பேர் வந்து உட்கார்ந்தால் ஆளுக்கு அரைச் சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவாக, மொத்தம் 67 கூடி உறிஞ்சும் பரப்பு 110 ஆகும். அப்போது 2 வினாடி. இசைக்கு இது பரவாயில்லை, வசனத்துக்கு ஆகாது. வசனத்துக்கு 1 வினாடி வேண்டும், அதற்கு மொத்தம் 230 சதுர மீட்டர் உறிஞ்சும் பரப்பு வேண்டும். பாக்கி 120. கனமான துணியை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டால் பாதிக்குப் பாதி உறிஞ்சும் என்று வைத்துக்கொண்டால், 240 சதுர மீட்டர் துணி. உங்கள் செலவுப் பட்டியலில் துணிக்கு இடம் இருக்கிறதா?

ஜூன் 14

கணக்கில் ஓட்டை கண்டுபிடித்த நண்பர் சொல்வது நியாயம். ஒலியின் சுருதியைப் பொறுத்து உறிஞ்சும் அளவு மாறும். துணி கீச்சுக் குரலை விழுங்கும், மத்தளத்தின் அடிநாதத்தை அப்படியே விட்டுவிடும். அடிநாதத்துக்குத் தடிமனான பொருளும் அதன் பின்னால் காற்று இடைவெளியும் வேண்டும். நேற்றையது ஒரு மாலை நேரத்துக் கணக்கு, திட்டம் எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொள்ள மட்டும். துணியைக் கம்பியில் ஓடவிட்டால் இசை நாளில் ஒதுக்கலாம், நாடக நாளில் விரிக்கலாம். பாஸ்டன் சிம்பொனி அரங்கம் சாபினின் ஆலோசனையோடு 1900-இல் திறக்கப்பட்டது. ஆட்கள் நிரம்பிய நிலையில் அங்கே எதிர்முழக்கம் 1.9 வினாடி என்று சொல்வார்கள். அங்கே நாடகம் போட்டால் வசனம் கஞ்சியாகிவிடும். எல்லாக் கலைக்கும் பொருந்தும் கூடம் என்று யாராவது சொன்னால் எதற்குப் பொருந்தாது என்று கேளுங்கள்.

கூரை தகரமா என்று யாரும் சொல்லவில்லை. தகரமென்றால் மழை நாளில் இந்தக் கணக்கெல்லாம் வீண்.

ஜூன் 19

"குழுவுக்கே என்ன வேண்டும் என்று தெரியவில்லை, கட்டடக்கலைஞர் சொல்லட்டும்" என்கிறார் ஒருவர். இதைப் படித்ததும் சிட்னி நினைவுக்கு வந்தது.

சிட்னி ஓபரா ஹவுஸுக்கான போட்டியில் 1957-இல் டென்மார்க்கின் யோர்ன் உட்சன் வென்றார். பெரிய கூடம் ஓபரா என்னும் பாட்டு நாடகத்துக்கும் உதவ வேண்டும், சிம்பொனி என்னும் வாத்தியக் குழுக் கச்சேரிக்கும் உதவ வேண்டும் என்பது முதல் தேவை. அரசோடு மோதல் முற்றி 1966-இல் அவர் விலகினார். அதன் பிறகு தேவையே மாற்றப்பட்டது: பெரிய கூடம் சிம்பொனிக்கு மட்டும். ஏற்கெனவே பொருத்திய மேடை இயந்திரங்களைப் பிடுங்கி எறிந்தார்கள். ஓபரா சின்னக் கூடத்துக்குப் போனது, அங்கே வாத்தியக்காரர்கள் உட்காரும் குழி நெருக்கடி. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று தொடங்கி 10 கோடியே 20 லட்சத்தில் முடிந்து 1973-இல் திறந்தார்கள். உலகமே வந்து பார்க்கும் கட்டடம், பெயரில் ஓபரா, பெரிய கூடத்தில் ஓபராவுக்கு இடமில்லை.

நியூயார்க்கின் பில்ஹார்மோனிக் இசை அரங்கக் கதையும் அப்படித்தான். ஒலியியல் அறிஞர் லியோ பெரனெக் 2,400 இருக்கை என்று கணக்கிட்டுக் கொடுத்தார். இருக்கை போதாது என்று வெளியே இரைச்சல், வடிவம் மாற்றப்பட்டது. 1962-இல் திறந்த நாள் முதல் ஒலி சரியில்லை என்ற புகார். 1976-இல் உள்ளே இடித்துக் கட்டினார்கள். 2022-இல் மறுபடியும்.

தெரியாது என்பது குற்றமல்ல. தெரிந்துகொள்ளும் வேலையை முதலில் செய்ய வேண்டும், அதுதான் அந்த நண்பர் உங்களுக்கு உண்மையில் கொடுக்கக்கூடியது. கேள்வி கேட்பதற்கு எங்களுக்குப் பயிற்சி உண்டு. வருடத்தில் எத்தனை நாள் நிகழ்ச்சி, ஒருமுறைக்கு எத்தனை பேர், செட்டுகள் எங்கே தங்கும், பெரிய செட்டு எந்தக் கதவு வழியாக உள்ளே வரும்? இரண்டு பக்கம் எழுதினால் போதும். அந்த இரண்டு பக்கம் வண்ணப் படத்தைவிட மதிப்புள்ளது. ஆனால் அதைச் சட்டமிட்டு மாட்ட முடியாதே, யாரும் கேட்பதில்லை.

ஜூன் 20

கதவு என்று எழுதியதும் நினைவு வந்தது. ஒரு குழு அரண்மனைத் தூண்களைச் செய்து வைத்திருந்தது. வாசலுக்குள் நுழையவில்லை. ரம்பத்தால் இரண்டாக அறுத்தார்கள். நாடகம் முழுக்க அரசர் அந்த அறுத்த இடத்தில் கையை வைத்து மறைத்தபடியே ஆட்சி செய்தார்.

ஜூன் 27

இதுவரை கட்டடக்கலைஞரையே பிடித்து ஆட்டுகிறேன் என்று ஒரு புகார். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. மறுபக்கத்தையும் சொல்கிறேன்.

காசு கொடுப்பவர் ஒரு மாற்றம் சொல்வதற்கு முன் யோசிப்பார், ஏனென்றால் ரசீது வரும். இலவசத்தில் அந்தக் கடிவாளம் இல்லை. ஒரு நடனக் குழு என்னிடம் ஒப்பனை அறையை இடப்பக்கம் கேட்டது, பிறகு வலப்பக்கம், பிறகு மாடியில், பிறகு குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு வாஸ்து தெரியும் என்பதால் மறுபடி இடப்பக்கம். ஒவ்வொரு முறையும் "சின்ன மாற்றம்தான், கணினியில்தானே?" வேறு. அதன் பிறகுதான் நான் ஒரு வழக்கம் வைத்தேன்: காசு வாங்காத வேலைக்கும் ரசீது அனுப்புவேன். இத்தனை மணி நேரம், வழக்கமான கட்டணம் இவ்வளவு, தள்ளுபடி முழுவதும், செலுத்த வேண்டியது பூஜ்யம். முதல் ரசீதைப் பார்த்ததும் ஒப்பனை அறை அதே இடத்தில் நின்றுவிட்டது.

குழுவுக்கும் அதனால் லாபம். நன்கொடை கேட்டுப் போகும்போது "எங்களுக்கு இவ்வளவு மதிப்புள்ள உழைப்பு ஏற்கெனவே கிடைத்திருக்கிறது" என்று காட்ட ஒரு காகிதம் இருக்கும்.

ஜூலை 2

கிடங்குக்கு வெளியேறும் வழி ஒன்றுதான், அதுவும் உள்பக்கம் திறக்கும் கதவு என்று இப்போதுதான் எழுதுகிறார். இதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும், ஐயா!

சிகாகோவின் இரோக்வாய் அரங்கம் 1903-இல் திறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. தீயே பிடிக்காது என்று விளம்பரம். டிசம்பர் 30 அன்று பகல் காட்சியில் மேடை விளக்கின் பொறி திரையில் பற்றியது. தீயைத் தடுக்க வேண்டிய திரை பாதியில் சிக்கிக்கொண்டது. சில வழிகள் அலங்காரத் துணிக்குப் பின்னால் மறைந்திருந்தன, சில கதவுகளின் தாழ்ப்பாள் யாருக்கும் திறக்கத் தெரியாத வகை, சில உள்பக்கமாகத் திறப்பவை. 600-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள், குழந்தைகள் நிறைய. இடித்தாலே திறந்துகொள்ளும் குறுக்குக் கம்பிக் கதவு பரவியது அதன் பிறகுதான்.

இரண்டாவது வழி, வெளிப்பக்கம் திறக்கும் கதவு, தீ பரவாதபடி பதப்படுத்திய துணி. நான் சொன்ன 240 சதுர மீட்டருக்கும் இது பொருந்தும். கூரையில் விளக்குகளைத் தொங்கவிட உத்தரம் தாங்குமா என்று ஸ்ட்ரக்சரல் என்ஜினீயர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். இந்த வேலையைக் கட்டடக்கலைஞரின் நல்ல மனதிடம் விடாதீர்கள். அவருக்கும் அது தெரியாது. தீயணைப்புத் துறையின் அனுமதி கிடைக்காவிட்டால் கிடங்கு கிடங்காகவே இருக்கட்டும், ஒத்திகைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 3

"பயமுறுத்துகிறீர்கள்." ஆமாம்.

ஜூலை 5

படிப்பு முடித்த இளம் கட்டடக்கலைஞர் ஒருவர்: இலவசமாகச் செய்வது தொழிலில் மற்றவர்களின் பிழைப்பைக் கெடுக்காதா?

காசு கொடுக்கக்கூடியவருக்கு இலவசமாகச் செய்தால் கெடுக்கும். "இதைச் செய்யுங்கள், அடுத்த பெரிய வேலை உங்களுக்குத்தான்" என்பவரிடம் எழுந்து வந்துவிடுங்கள், அது தொண்டு அல்ல, பேரம். மற்றபடி, அளவு வைத்துக்கொண்டால் சிக்கல் இல்லை. அமெரிக்காவில் பப்ளிக் ஆர்க்கிடெக்சர் என்ற அமைப்பு, நிறுவனங்கள் தங்கள் வேலை நேரத்தில் நூற்றில் ஒரு பங்கைப் பொதுநலனுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஓர் இயக்கமே நடத்தியது. ஆளுக்கு ஆண்டுக்கு 20 மணி நேரம். குறைவுதான், ஆனால் முன்கூட்டியே ஒதுக்கிய நேரம். மீந்தபோது கொடுக்கிறேன் என்றால் ஒருபோதும் மீளாது, மிஞ்சவே மிஞ்சாது.

ஜூலை 11

முன்னால் இருப்பவர் தலை மறைக்காமல் மேடை தெரிய என்ன வழி என்று கேட்டவருக்கு. பின்வரிசைக்காரரின் பார்வைக் கோடு முன்வரிசைக்காரரின் கண்ணுக்கு மேலே 120 மி.மீ. போனால் தலை மறைக்காது. 60 மி.மீ. என்றால் இரண்டு தலைகளுக்கு நடுவே பார்க்க வேண்டும், இருக்கையை இடம் மாற்றி அடுக்கியிருந்தால் சமாளிக்கலாம். முகபாவம் தெரிய 20 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. உங்கள் கிடங்கே 20 மீட்டர்தான், கவலை இல்லை.

படிக்கட்டு மேடைக்குக் காசு இல்லையென்றால்: முதல் இரண்டு வரிசை தரையில் பாய், அடுத்து தாழ்ந்த பெஞ்சு, அடுத்து நாற்காலி, கடைசியில் உயரமான ஸ்டூல். சக்கர நாற்காலிக்காரருக்கு நாற்காலி வரிசையின் ஓரத்தில் இடம் விடுங்கள், கடைசியில் தள்ளாதீர்கள். எந்த வரைபடமும் இல்லாமல் நாளையே செய்து பார்க்கலாம்.

கனடாவின் ஸ்ட்ராட்ஃபோர்டு நாடக விழா 1953-இல் கூடாரத்தில்தான் தொடங்கியது. இயக்குநர் டைரோன் கத்ரியும் மேடை வடிவமைப்பாளர் டான்யா மொய்சீவிட்சும் மூன்று பக்கமும் பார்வையாளர் சூழும் மேடையை முதலில் உருவாக்கினார்கள், கூடாரத்துக்குள் நாடகம் போட்டார்கள். 1957-இல் கட்டடம் வந்தபோது அந்த மேடையைச் சுற்றித்தான் வந்தது. தரையில் ஒட்டுநாடாவால் மேடையை வரைந்து ஒரு பருவம் நாடகம் போடுங்கள். ஆட்கள் நடந்து நடந்து நாடா கிழிந்து மறுபடி ஒட்டிய இடங்களில் சுவர் எழுப்பாதீர்கள்.

ஜூலை 18

கேள்வி கேட்டவரின் செய்தி: நண்பர் ஒத்திகைக்கு வந்தாராம், தரையில் உட்கார்ந்து முழுவதும் பார்த்தாராம், தன் படத்தில் இருந்த கண்ணாடிச் சுவரைத் தானே கோடிட்டு அடித்துவிட்டாராம். காகிதத்தில் இரண்டு பேரும் கையெழுத்திட்டாயிற்று. நல்ல ஆள் போலிருக்கிறது. இடிக்கிறது என்று ஜூன் 9-இல் எழுதியதைத் தளர்த்திக்கொள்கிறேன்.

அழைப்பிதழில் அவர் பெயரைப் போடலாமா என்கிறார். போடுங்கள், விளக்கு அமைப்பவர் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில்.

ஜூலை 19

நடனக் குழுவுக்காகத் தரை பற்றிக் கேட்டவர் இதுவரை பொறுமையாகக் காத்திருந்தார். சிமெண்டுத் தரையில் நேராக ஆட விடாதீர்கள், முழங்காலும் கணுக்காலும் போய்விடும். மரச் சட்டம், அடியில் ரப்பர்த் துண்டுகள், மேலே இரண்டடுக்கு பிளைவுட், பலகைகள் சேரும் மூட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று வராமல். தரையில் ஈரம் ஏறுகிறதா என்று முதலில் பாருங்கள்: ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து ஓரங்களை ஒட்டி ஓரிரு நாள் விடுங்கள். அடியில் நீர்த்துளி கட்டியிருந்தால் மரவேலையைத் தொடங்காதீர்கள். வெறுங்காலில் ஆடுபவர்கள் என்பதால் ஆணித் தலைகளை உள்ளே இறக்கி மக்கு வைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். தச்சர் தேய்த்தாயிற்று என்பார். நீங்கள் உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.